மாக்கல்லும் சோப்புக் கட்டியும்

கலிபோர்னியா மாநிலம் 1998இல் வகுத்த வரலாற்றுப் பாடத் தரநிலைகளின்படி ஆறாம் வகுப்பில் மெசபொட்டேமியா, எகிப்து, இந்தியா, சீனா முதலிய தொல்நாகரிகங்கள் கற்பிக்கப்படுவதால், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளும் சிந்துவெளியை அவ்வகுப்பறையில் சந்திக்கின்றனர். கைவினைவழிக் கற்றலுக்கு மிகவும் உகந்தது சிந்துவெளி முத்திரையே. அது மாக்கல் எனப்படும், எளிதில் கீறக்கூடிய மென்கல்லில் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் சதுரமாகச் செதுக்கப்பட்டுப் பின்னர் சுட்டுக் கடினமாக்கப்பட்டது. மாக்கல்லுக்கு ஈடாகச் சோப்புக் கட்டியில் பல்குச்சியால் ஒற்றைக்கொம்பு விலங்கைக் குடைந்து ஈரக் களிமண்ணில் அழுத்தும் மாணவர், வலம் நோக்கி வெட்டிய விலங்கு இடம் நோக்கி எழுவதையும் பள்ளம் மேடாவதையும் கண்டு, அக்கால வினைஞர் எழுத்தையும் உருவையும் இடவல மாற்றியே செதுக்கினர் என்பதை விளக்கவுரை இன்றி உணர்கிறார். அட்டையில் பிரமிடு ஒட்டும் வழக்கமான திட்டப்பணிக்கு இந்த நன்மை இல்லை. அது பெரும்பாலும் பெற்றோரின் பின்னிரவு உழைப்பாகவே முடிகிறது என்பதும் வீடுதோறும் அறிந்ததே. சான் ஓசேயின் ரோசிக்ரூசியன் எகிப்திய அருங்காட்சியகத்தில் பாறைக்குடைவுக் கல்லறையின் மாதிரிக்குள் நடந்தே பார்க்கலாம்; பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், அதற்கு முன் ஒருமுறை மண் பிசையவும் விடுவார்களாக.