செம்மண் சாலையும் புதுக் காரும்

தோட்டத்துச் சாலை எப்படி இருக்கும் என்று நம் வாசகர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. வெயில் அடித்தால் புழுதி, மழை பெய்தால் சேறு, இரண்டும் இல்லாத நாளில் சரளைக் கல். எங்கள் தோட்டத்தில் பெரிய ரோட்டிலிருந்து லயத்துக்கு வர ஆறு கிலோமீட்டர். அதில் தார் போட்டது முதல் அரைக் கிலோமீட்டர்தான். மீதி முழுவதும் செம்மண். இரண்டு பக்கமும் செம்பனை.

அந்த ஆறு கிலோமீட்டரால் எங்கள் வீட்டில் ஒரு மனத்தாங்கல் வந்தது. அதைப் பற்றியும், அது தீர்ந்த வழியில் காரின் சாயத்தைப் பற்றி நான் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன். நான் கார் ஓட்டத் தெரிந்தவள் அல்ல. ஆனால் என் வீட்டுக்காரர் 1978 முதல் 2011 வரை தோட்டத்து லோரி ஓட்டியவர். கல்லும் முள்ளும் ஒரு வண்டியை என்ன செய்யும் என்பது அவருக்கு அத்துப்படி.

எங்கள் இளைய மகன் ஷா ஆலாமில் வேலை செய்கிறான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் புதுக் கார் எடுத்தான். ஒன்பது ஆண்டுக் கடன். நல்ல கருநீலம். அந்த நிறத்தைப் பார்த்ததுமே அவர், "அழகுதான், ஆனா ஒரு கீறல் விழுந்தாலும் காட்டிக்கொடுத்துடும்" என்றார். கறுப்பு, கருநீலம் போன்ற நிறங்களுக்கு அந்தக் குணம் உண்டு. வெள்ளையும் வெள்ளி நிறமும் எத்தனையோ கீறலை மறைத்துக்கொள்ளும்.

முதல் தடவை வீட்டு வாசல் வரை வந்தான். திரும்பிப் போன மறுநாள் போன் செய்து, "அம்மா, காரெல்லாம் கீறலா இருக்கு. தோட்டத்து ரோட்டுக்கு இனி கொண்டுவர முடியாது" என்றான். அதற்குப் பிறகு மாதம் ஒரு முறை வந்தாலும் பெரிய ரோட்டு முனையில் இருக்கும் காப்பிக் கடையில் காரை நிறுத்திவிட்டு எங்களைக் கூப்பிடுவான். நாங்கள் இருவரும் மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். ஆனால் என் மாமியாருக்கு வயது எண்பத்தாறு. முழங்கால் மடங்காது, மோட்டார் சைக்கிளில் உட்கார முடியாது. அவனைப் பிறந்த நாள் முதல் இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அவர். "புள்ள வந்தானாமே?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். என்ன பதில் சொல்வது? மூன்று மாதம் இப்படியே போயிற்று.

நான்காம் மாதம் காப்பிக் கடையில் அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்க் காரைச் சுற்றி வந்தார். உச்சி வெயில். போனட்டுக்கு நேராகக் குனிந்து, சூரியன் தெரியும் இடத்தைப் பார்த்தார். பிறகு அவனைக் கூப்பிட்டார்.

"டேய், இங்க வா. இது முள்ளு போட்ட கோடா, நீ போட்ட கோடா, பாத்துச் சொல்லு."

நானும் போய்ப் பார்த்தேன். சூரியனின் நிழல் விழுந்த இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியது போல் வட்டம் வட்டமாக மெல்லிய கோடுகள். போனட்டில் இருந்தது, கூரையில் இருந்தது, பின்னால் பெட்டி மூடியிலும் இருந்தது. பனை மட்டை கூரையில் ஏறி வட்டம் போடுமா? மட்டை உரசினால் கோடு பக்கவாட்டுக் கதவில் விழும். முன்னிருந்து பின்னாக நீளமாக ஓடும். அப்படி ஒரே ஒரு கோடுதான் இடப்பக்கக் கதவில் இருந்தது, விரல் நீளத்துக்கு. மற்றதெல்லாம் துடைத்த கை போட்டது.

விசாரித்தால், ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்ததும் இறகுத் துடைப்பத்தால் காரைத் தட்டித் துடைப்பானாம். ஞாயிற்றுக்கிழமை காய்ந்த துணியால் ஒரு துடை. தோட்டத்துக்கு வந்து போன அன்று, சிவப்புப் புழுதி படிந்த காரையும் அதே துணியால் "நல்லா அழுத்தி" துடைத்திருக்கிறான்.

செம்மண் புழுதி கைக்கு மாவு போலத்தான் இருக்கும். ஆனால் அதில் கலந்திருக்கும் மணல் துகள் கண்ணாடியையே கீறக்கூடிய கல். அதன் மேல் காய்ந்த துணியை வைத்துத் தேய்ப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். பாத்திரம் துலக்கும் நம் பெண்களுக்கு இது சொல்லாமலே புரியும். எவர்சில்வர் தட்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்தால் அழுக்குப் போகும், கூடவே பளபளப்பும் போகும்.

காரின் சாயம் எவ்வளவு கனம் என்று நினைக்கிறீர்கள்? தகரத்தின் மேல் அடிப்பூச்சு, அதன் மேல் நிறம், அதற்கும் மேல் கண்ணாடி போன்ற ஒரு தெளிந்த பூச்சு. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ இரண்டு செய்தித்தாளின் கனம்தான். மேல் பூச்சு மட்டும் ஒரு தாளின் கனம்கூட இல்லை. வெயிலிலிருந்தும் மழையிலிருந்தும் நிறத்தைக் காப்பது அந்த மெல்லிய பூச்சுதான். முன்பு துரையின் லேண்ட் ரோவரைப் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் துணியில் பச்சை நிறம் ஒட்டிக்கொண்டு வருமாம். அந்தக் காலத்துச் சாயத்துக்கு மேல் பூச்சு கிடையாது. இன்றைய கார்களில் துணி வெள்ளையாகவே இருக்கும். ஆகவே எவ்வளவு தேய்ந்தது என்பது கண்ணுக்குத் தெரியாது. கீறலைப் போக்க அடிக்கடி பாலிஷ் போடுகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சிலர் பற்பசை போட்டும் தேய்ப்பார்கள். அதுவும் தேய்மானம்தான்.

கழுவும் முறையை அவர் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். துரையின் காரோட்டியிடம் அவர் இளம் வயதில் கற்றது அது. முதலில் கையே படக்கூடாது. குழாயில் தண்ணீரை மேலிருந்து கீழாக அடித்துப் புழுதியையும் சேற்றையும் தானாக இறங்கவிட வேண்டும். சேறு காய்ந்து போயிருந்தால் ஊற வேண்டும். நகத்தால் சுரண்டக் கூடாது. இந்த ஒரு வேலையைப் பொறுமையாகச் செய்தாலே பாதிக் கீறல் தப்பும். பிறகுதான் சோப்புத் தண்ணீரும் துணியும். இரண்டு வாளி வேண்டும்: ஒன்று சோப்புக்கு, ஒன்று துணியை அலசுவதற்கு. ஒரே வாளியில் முக்கி முக்கி எடுத்தால் அடியில் தங்கிய மணல் மறுபடி துணியில் ஏறிவிடும். கூரையில் தொடங்கிச் சக்கரத்துப் பக்கம் கடைசியில் வர வேண்டும், ஏனென்றால் கீழேதான் மண் அதிகம். துணி கீழே விழுந்தால் அதை ஒதுக்கிவிட்டு வேறு துணி எடுக்க வேண்டும்.

பழைய சட்டையைக் கிழித்துக் கார் துடைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. பொத்தானும் மடித்துத் தைத்த ஓரமும் அதில் இருந்தால் அதுவே கோடு போடும். கடையில் விற்கும் மென்பஞ்சுத் துண்டு சில வெள்ளிதான். பாத்திரம் கழுவும் சோப்பு மெழுகுப் பூச்சை எடுத்துவிடும். கார் சோப்பு வாங்கிக்கொள்வது நல்லது. கொதிக்கும் வெயிலில் கழுவினால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் காய்ந்து கறையாகும்.

இனி முள்ளுக்கு வருவோம். பால்மரம் இருந்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. பால்மரத்துக்கு முள் கிடையாது. செம்பனை நம் நாட்டில் தோட்டப் பயிராக முதன்முதலில் நடப்பட்டது 1917-ல், கோலசிலாங்கூர்ப் பக்கம் தென்னமரம் தோட்டத்தில். எங்கள் பக்கம் பால்மரத்தை வெட்டிவிட்டு அது வந்தது என் கல்யாணத்துக்குப் பிறகு. அதன் மட்டையின் அடிப்பகுதியில் இரண்டு ஓரமும் முள். வெட்டிய மட்டை காய்ந்தால் முள் ஆணி போல் ஆகும். சாயத்தைக் கீறும், டயரையும் குத்தும். சாலையில் மட்டை கிடந்தால் ஒதுங்கிப் போகப் பார்க்காமல் வண்டியை நிறுத்தி, இறங்கி, அதை இழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும் என்பார் அவர். ஒதுங்குகிறவன்தான் மறுபக்கத்துப் புதரில் உரசுவான். எதிரே லோரி வந்தாலும் அப்படித்தான். அது தூரத்தில் வரும்போதே அகலமான இடம் பார்த்து நின்றுவிட வேண்டும். குறுகலான இடத்தில் இரண்டு பேரும் முட்டிக்கொண்டு நின்றால், புதருக்குள் இறங்குவது எப்போதும் சின்ன வண்டிதான்.

சரளைக் கல்லுக்கு வேகமே எதிரி. முன்னால் போகும் லோரியின் பின்னால் ஒட்டிப் போனால் அதன் டயர் வீசும் கல்லெல்லாம் நம் போனட்டில். புழுதி அடங்கும் வரை நின்று போனால் என்ன குறைந்துவிடும்? நம் சக்கரம் வீசும் கல் நம் கதவின் அடியிலேயே அடிக்கும். அதற்குச் சக்கரத்தின் பின்னால் ரப்பர்த் தட்டி மாட்டிக்கொள்ளலாம். இருபது கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் ஆறு கிலோமீட்டருக்குப் பதினெட்டு நிமிடம். அந்தப் பதினெட்டு நிமிடத்தைத்தான் அவன் முதலில் ஏழெட்டு நிமிடத்தில் ஓட்டி வந்திருக்கிறான்!

தோட்டத்துக்கே உரிய வேறு சில தொல்லைகளும் உண்டு. உர மூட்டையைக் காரில் ஏற்றாதீர்கள். சிந்திய உரம் ஈரம் பட்டால், கீறல் விழுந்த தகரத்தைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். பால் உறைய வைக்கும் ஆசிட் தெறித்தால் உடனே நிறையத் தண்ணீர் விட வேண்டும். எலி பிடிக்க ஆந்தைக் கூண்டு வைத்திருக்கும் தோட்டங்களில் அந்தக் கூண்டுக்கு அடியில் நிறுத்தாதீர்கள். பறவை எச்சம் வெயிலில் காய்ந்தால் சாயத்தை அரித்துத் தடம் வைக்கும். ஈரத்துணியை அதன் மேல் சற்று நேரம் போட்டு வைத்து, ஊறிய பிறகு எடுக்க வேண்டும். புழுதி படிந்த காருக்கு உறை போடுவதும் தவறு. காற்றில் உறை ஆட ஆட உள்ளே புழுதி தேய்க்கும்.

பூச்சுகளைப் பற்றி இப்போது ஏகப்பட்ட விளம்பரம். மெழுகு போடுவது பழைய முறை. நல்ல கார் மெழுகில் சேரும் கர்னோபா என்பது பிரேசில் நாட்டுப் பனை ஓலையிலிருந்து எடுப்பது. ஒரு பனை கீறுகிறது, இன்னொரு பனை காக்கிறது! செராமிக் பூச்சு போட்டால் அழுக்கு எளிதில் வழுக்கிப் போகும், பளபளப்பும் இருக்கும். ஆனால் முள்ளை அது நிறுத்தாது. நிறுத்தும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கல்லையும் முள்ளையும் ஓரளவு தாங்குவது சாயத்தின் மேல் ஒட்டும் கனமான கண்ணாடித்தாள்தான். நல்ல தாளாக இருந்தால் அதில் விழும் சிறு கோடு வெயில் சூட்டில் தானே மறையவும் செய்யும். கார் முழுவதும் ஒட்ட ஆயிரக்கணக்கான வெள்ளி ஆகும். தோட்டக் குடும்பத்துக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம். கதவின் ஓரம், கைப்பிடிக் குழி, சக்கரத்தின் பின்புறம் ஆகிய இடங்களுக்கு மட்டும் ஒட்டினால் போதும். கைப்பிடிக் குழியைப் பாருங்கள். அங்கே இருக்கும் கோடெல்லாம் நம் நகமும் மோதிரமும் வளையலும் போட்டவை.

அந்த நான்காம் மாதமே அவன் காரை உள்ளே கொண்டுவந்தான். அவர் முன்னால் மோட்டார் சைக்கிளில் மட்டைகளை இழுத்துப் போட்டுக்கொண்டே வழி காட்டினார். மாமியார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பேரனைப் பார்த்த சந்தோஷத்தில், அவனுக்கென்று வைத்திருந்த பலாப்பழத்தைப் போனட்டின் மேல் வைக்கச் சொன்னார். நான் ஓடிப்போய் வாங்கிக்கொண்டேன்.

கதவில் இருந்த அந்த முள் கோட்டை அவரே சரி செய்தார். நகத்தை வைத்துக் குறுக்கே இழுத்தால் நகம் மாட்டியது. அப்படி மாட்டினால் மேல் பூச்சைத் தாண்டி ஆழமாக இறங்கிவிட்டது என்று பொருள்; பாலிஷ் உதவாது. விட்டுவைத்தால் நம் நாட்டு ஈரத்துக்குத் துரு பிடிக்கும். சாயத்தின் எண் கார்க் கதவுச் சட்டத்திலோ இயந்திர மூடிக்குள்ளோ ஒரு தகட்டில் இருக்கும். அந்த எண்ணைக் காட்டிச் சின்னச் சீசா சாயம் வாங்கி, கோட்டை நன்றாகக் கழுவிக் காயவைத்து, பல்குத்தும் குச்சியின் முனையால் பள்ளத்துக்குள் மட்டும் மெல்லிதாக வைத்தார். காய்ந்ததும் இன்னொரு தடவை. கிட்டே போய்ப் பார்த்தால் தெரியும். மாமியாருக்குத் தெரியாது.

இப்போது மாதம் இரண்டு முறை வருகிறான். வந்ததும் பாட்டியிடம் உட்கார்ந்துவிட்டு, மாலையில் குழாயடியில் காருக்குத் தண்ணீர் அடிக்கிறான். போன மாதத்து மழையில் நான்காம் கிலோமீட்டரில் பள்ளம் பெரிதாகிவிட்டது. தோட்ட நிர்வாகம் இரண்டு லோரி கல் கொட்டினால் நன்றாக இருக்கும்.