ராக்கர் ஆர்ம் விஷயத்தில் ஒரு திருத்தம்



போன வாரம் நம் குழுவில் ஒரு கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் போட்டுவிட்டேன். அதைத் திருத்தத்தான் இந்தப் பதிவு.

ஜெர்மனியில் இருக்கும் நம் பழைய மாணவன் ஒருவன், பல வருடச் சேமிப்பில் 1970-களின் போர்ஷே 911 ஒன்று வாங்கி, இன்ஜினைப் பிரித்துப் போட்டிருக்கிறான். "சார், ராக்கர் ஆர்ம் ஃபோர்ஜிங்கில் போடவா, வார்ப்பில் போடவா?" என்று கேட்டான். "இதில் என்னப்பா சந்தேகம்? அடித்துச் செய்ததுதான் உறுதி" என்றேன். வாத்தியார் வாய்!

பாடப்படி அது சரிதான். சூடான எஃகை அச்சில் வைத்து அடிக்கும்போது உலோகத்தின் இழைகள் உருவத்தோடு சேர்ந்து ஓடும். அது வளையும், லேசில் உடையாது. உருக்கி ஊற்றிய இரும்பு தாங்கும் மட்டும் தாங்கிவிட்டுப் பட்டென்று முறியும்.

ராக்கர் என்பது நாம் படித்த முதல்வகை நெம்புகோல். ஒரு முனையைக் கேம் தூக்கும், மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கும். அந்த இன்ஜினில் 12 வால்வு, 12 ராக்கர். நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஒவ்வொன்றும் நொடிக்கு 50 தடவை ஆடும்.

ராத்திரி படுத்தபிறகுதான் உறைத்தது: ராக்கர் உடையாவிட்டால் அந்த அடி எங்கே போகும்? நான்காவது கியருக்குப் பதில் தவறி இரண்டாவதில் தள்ளினால் சுற்று எகிறும். வால்வு மூடுவதற்குள் பிஸ்டன் வந்து மோதும். செயின் டென்ஷனர் தளர்ந்தாலும் இதே கதி. அந்தக் காலத்து 911-க்கு அது பேர்போன வியாதி. அப்போது வார்ப்பு ராக்கர் முறிந்தால், பல சமயம் வால்வும் கேமும் தப்பும். வால்வு மூடியைக் கழற்றி, இன்ஜினை இறக்காமலே வேறு ராக்கர் போட்டுவிடலாம். ஃப்யூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பி கட்டிய வீடுகளை நாம் பார்த்ததில்லையா?

பந்தயக் காருக்கு இது பொருந்தாது. அதில் கடினமான ஸ்பிரிங், உயரம் கூடிய கேம். அங்கே ஃபோர்ஜிங்தான் வேண்டும். இவன் ஓட்டப்போவதோ ஞாயிற்றுக்கிழமை, அதுவும் சாலையில்; கேமும் ஸ்பிரிங்கும் பழையபடியே.

மறுநாள் காலையிலேயே கூப்பிட்டுச் சொன்னேன். நல்லவேளை, ஆர்டர் போடவில்லை. பழைய 12-ஐயும் கழுவி, விரிசல் காட்டும் சாயம் பூசிப் பார்த்திருக்கிறான். விரிசல் எதிலும் இல்லை. மூன்றில் மட்டும் கேம் உரசும் முகம் குழிந்திருந்தது. அந்த மூன்றை மட்டும் வார்ப்பிலேயே வாங்குகிறான். மிச்சக் காசுக்குச் செயின் டென்ஷனரை மாற்றுகிறான்.