தரையிறங்கும் கால்

இறகுப்பந்தாட்டத்தைக் காண்போரின் கண்கள் பந்தின் பின்னேயே செல்லும். பதினாறு இறகுகளால் ஆன அப்பந்தின் எடை ஏறத்தாழ ஐந்து கிராம். இந்திய வீரர் சாத்விக்சாய்ராஜ் 2023ஆம் ஆண்டில் அதனை மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தது உலகச் சாதனையாகப் பதிவாயிற்று. ஆயினும், எகிறி அடித்தவர் மீண்டும் தரையைத் தொடும் கணத்தை யாரும் கவனிப்பதில்லை. சிறந்த ஆட்டக்காரர் சிலரின் வாழ்வு திசைமாறியது அக்கணத்தில்தான்.

ஸ்பெயின் நாட்டுக் கரோலினா மரின் 2016இல் ஒலிம்பிக் தங்கம் வென்றவர். 2019 சனவரியில் இந்தோனேசியாவில் சாய்னா நேவாலுக்கு எதிரான இறுதிப் போட்டியில், எம்பி இறங்கியபோது அவரது வலது முழங்காலின் தசைநார் கிழிந்தது. 2021இல் இடது முழங்கால்; அதனால் டோக்கியோ ஒலிம்பிக் கைநழுவியது. 2024இல் பாரிஸ் அரையிறுதி. முதல் ஆட்டத்தை 21-14 என வென்று, இரண்டாவதிலும் முன்னிலையில் இருந்தவர் மீண்டும் வலது முழங்காலைப் பிடித்தபடி விழுந்தார். அவரருகில் எதிராளி இல்லை; எவரும் மோதவும் இல்லை. மரின் இடக்கை ஆட்டக்காரர் என்பது இங்கு நினைவுகொள்ளத்தக்கது. தலைக்கு மேல் வரும் பந்தைப் பின்களத்தில் அடித்துவிட்டு இறங்கும்போது, மட்டை பிடித்த கைக்கு எதிர்ப்புறத்துக் காலே பெரும்பாலும் உடலின் முழுச் சுமையையும் தனியே தாங்குகிறது.

உலகின் முன்னணி வீராங்கனைக்கே நேர்ந்த இது, திருச்சிராப்பள்ளி அண்ணா விளையாட்டரங்கிலும் திருவரங்கத்துப் பள்ளித் திடல்களிலும் மாலைதோறும் மட்டையெடுக்கும் மாணவர்க்குத் தொலைவிலுள்ள செய்தியன்று. கூடத்தின் மரத்தளம் அதிர்வை ஓரளவு வாங்கிக்கொள்ளும். தெருவில் வலை கட்டி ஆடுவோருக்குச் சிமெண்டுத் தரை அந்தச் சலுகையைத் தருவதில்லை.

வலிமையான தசை இருந்தால் மூட்டு காக்கப்படும் என்பது பொதுவான நம்பிக்கை. அதில் பாதியே உண்மை. பாதம் தரையில் பட்டபின், நொடியின் இருபதில் ஒரு பங்குக்குள் தசைநார் கிழிந்துவிடக்கூடும். கண்ணால் கண்டு, மூளையால் எண்ணித் தசையை இயக்குவதற்கு அதனினும் பன்மடங்கு நேரம் வேண்டும். ஆகவே காலைக் காக்கும் ஆணை, கால் தரையைத் தொடுமுன்பே நரம்பின்வழிப் புறப்பட்டிருக்க வேண்டும். கண்ணை மூடியிருந்தாலும் நம் கையும் காலும் எங்கே, எக்கோணத்தில் இருக்கின்றன என்பதை நாம் அறிகிறோம். தசையிலும் மூட்டிலும் உள்ள நுண்ணிய உணர்விகள் இடையறாது அனுப்பும் செய்தியே அது. அச்செய்தியைக் கூர்மையாக்கி, தக்க தசையைத் தக்க நேரத்தில் இறுகச் செய்வதே நரம்புத்தசைப் பயிற்சி.

இதற்கு உவமை தேடித் திருவரங்கத்தார் வெளியூர் செல்ல வேண்டியதில்லை. புறப்பாட்டின்போது நம்பெருமாளைத் தோளில் சுமக்கும் சீர்பாதந்தாங்கிகள் சிம்ம கதி, சர்ப்ப கதி, ஒய்யார நடை எனப் பல நடைகளை மாற்றி மாற்றி நடப்பர். பாரம் தோளில், நெரிசல் சுற்றிலும். அந்நிலையில் ஒவ்வோர் அடியையும் எண்ணிப் பார்த்து வைக்க இயலுமா? பல்லாண்டுப் பழக்கத்தால் நடை உடலுக்குள் இறங்கிவிட்டது.

பதின்பருவத்தில் இப்பயிற்சியின் தேவை மிகுகிறது. எலும்பு விரைந்து நீள்கிறது. நீண்ட காலைக் கையாளும் கணக்கை நரம்பு மண்டலம் புதிதாகப் போட வேண்டியுள்ளது. நேற்றுவரை துல்லியமாக ஆடிய பிள்ளை திடீரெனத் தடுமாறுவது இதனால்தான்; சோம்பல் என்று கடிந்துகொள்வது நியாயமன்று. இவ்வயதில் முழங்கால் தசைநார்க் கிழிவு சிறுவரைவிடச் சிறுமியர்க்கே நேரும் வாய்ப்பு அதிகம் என்பதால், அவர்கள் முன்னரே தொடங்குதல் நலம்.

இதற்குக் கருவிகள் வேண்டா. ஒற்றைக் காலில் நின்று, தோழர் எறியும் பந்தைப் பிடிக்கலாம். குதித்து இறங்குகையில் முழங்கால் உட்புறம் சாயாமல், பாதவிரல்களின் நேரே மடங்க வேண்டும். 'தொப்'பென்ற ஓசை கேட்டால் இறக்கம் சரியில்லை. மண்டியிட்டுக் கணுக்காலைத் தோழர் பிடித்துக்கொள்ள, உடலை மெல்ல முன்னே சாய்த்தால் தொடையின் பின்தசை உறுதிபெறும். மலைக்கோட்டையில் ஏறுவதைப் பெருமையாகப் பேசுவோர் பலர். ஆனால் முழங்காலுக்குப் பாடம் கற்பிப்பது இறக்கமே. தொடைத்தசை நீண்டுகொண்டே உடலைத் தடுத்து நிறுத்தும் வேலையை அங்குதான் பழகுகிறது, ஓடாமல் நிதானமாக இறங்கினால். ஆட்டத்திற்கு முன் பதினைந்து, இருபது நிமிடம், வாரம் இருமுறை அல்லது மும்முறை போதும். கால்பந்து, கைப்பந்து ஆடும் இளையோரிடம் இத்தகைய பயிற்சி காயங்களைக் கணிசமாகக் குறைத்திருக்கிறது. மூன்று மணி நேரம் பந்தடிக்க இசையும் பெற்றோரும் பயிற்றுநரும் இந்தக் கால்மணியை வீண் என்று கருதுவதுதான் விந்தை.

சமநிலையில் கைகளுக்கும் பங்குண்டு. ஒரு கை மட்டையை வீச, மறுகை எதிர்ப்புறம் நீண்டு உடலை நிறுத்துகிறது. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில், கையின் இயக்கம் குறைந்தோர்க்கான பிரிவில் தமிழகத்தின் துளசிமதி முருகேசன் வெள்ளியும், மனிஷா ராமதாஸ் வெண்கலமும் வென்றனர். மறுகை தர வேண்டிய நிலைப்பை அவர்களின் இடுப்பும் வயிற்றுத்தசைகளும் கால்களும் ஈடுசெய்தாக வேண்டும். அவர்களது ஆட்டப் பதிவைக் காணும் மாணவர், பந்தை விட்டுவிட்டுப் பாதங்களை மட்டும் ஒருமுறை பார்க்கலாம்.

தம் ஆட்டத்தையும் அவ்வாறே பார்க்க இன்று வழியுண்டு. வலைக்கு அப்பால் தோழர் ஒருவரைக் கைப்பேசியுடன் நிறுத்தி, பின்களத்திலிருந்து எம்பி அடிக்கும் பத்து அடிகளைப் பதிவுசெய்து, வேகத்தைக் குறைத்து ஓட்டினால் போதும். களைப்பில்லாத முதல் அடியில் நேராக நின்ற முழங்கால், பத்தாவதில் எவ்வளவு உட்சாய்கிறது என்பது திரையிலேயே தெரிந்துவிடும்.