துரு தின்ற மூடிகள்

வெள்ளி, இரவு

போடிமெட்டு ஏறும்போதே ஜீப்பின் டெம்பரேச்சர் முள் மேலே போய்விட்டது. ரேடியேட்டரிலும் ஹோஸிலும் ஒழுகல் இல்லை. டார்ச் அடித்துத் தேடினால், என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் வட்ட மூடி ஒன்றின் ஓரத்தில் காவி நிறத்தில் ஈரம். கோர் பிளக் அரித்துவிட்டது.

சனி

"ஒண்ணு போச்சுன்னா மத்ததும் அதே வயசுதான் தம்பி. எல்லாத்தையும் மாத்திடுவோம்" என்றார் மெக்கானிக் அண்ணன். நியாயமான பேச்சு. பிளக் விலை சொற்பம், கூலிதான் அதிகம். பின்பக்கத்து பிளக்குக்கு கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்றார். இறக்கச் சொல்லிவிட்டேன். மலையில் நின்றுபோகும் வண்டியை விட இந்தச் செலவு மேல்.

பிளாக்கை வார்க்கும்போது, தண்ணீர் ஓடும் வழிக்காக உள்ளே மணல் அச்சு வைப்பார்கள். பிறகு அந்த மணலை வெளியேற்றும் துளைகளைத்தான் இந்தத் தகடுகள் அடைக்கின்றன. தண்ணீர் உறைந்தால் பிளாக்கைக் காப்பாற்றவே இவை இருப்பதாகப் பலர் சொல்வதுண்டு. அதை நம்பி வண்டியை மூணாறுப் பனியில் நிறுத்தக் கூடாது. உறையும் தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும். பிளக் தெறிக்கலாம், தெறிக்காமல் பிளாக்கே விரிசலும் விடலாம்.

தண்ணீரை வடித்ததும், அண்ணன் பிளக்கின் ஒரு ஓரத்தில் பஞ்ச் கருவியை வைத்துச் சுத்தியலால் தட்டினார். தகடு துளைக்குள்ளேயே குறுக்காகத் திரும்பியது. பிளையரால் பிடித்து நெம்பி எடுத்தார். நடுவில் ஓங்கி அடித்தால் அது உள்ளே விழுந்து தண்ணீர் வழியை அடைக்கும். சிலிண்டர் சுவரிலும் இடிக்கலாம். வெளிப்பக்கம் பெயின்ட் கூடப் போகாத அந்தத் தகட்டைக் கட்டைவிரலால் அழுத்தினேன், பொத்துக்கொண்டது. உள்பக்கம் முழுக்கத் துரு. துளைக்குப் பின்னால் செங்காவிச் சேறு. இந்த ஜீப்பை எனக்கு முன் வைத்திருந்தவர் போர் தண்ணீர்தான் ஊற்றியிருக்கிறார்.

ஞாயிறு

சேற்றைக் கம்பியால் கிளறி, தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசினோம். துளையின் விளிம்பை எமரித் தாளால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கியபின், சீலன்ட் மெல்லிசாகத் தடவி பித்தளை பிளக்குகளை வைத்தோம். பித்தளை துருப்பிடிக்காது. கிண்ண வடிவ பிளக் என்பதால், உள்ளே சரியாக உட்காரும் சாக்கெட் ஒன்றைக் கொடுத்து நேராக அடித்தார். கோணலாக இறங்கினால் கழற்றி வேறு புதுசு போட வேண்டியதுதான். அடித்த பிளக்கை மறுபடி அடிக்க அவர் சம்மதிக்கவே மாட்டார்.

சீலன்ட் காய்ந்தபின் கூலன்ட் ஊற்றி, சூடேறும்வரை என்ஜினை ஓடவிட்டுப் பார்த்தோம். ஒரு சொட்டும் இல்லை.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றாதீர்கள். கூலன்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் கெடு முடிந்ததும் மாற்றிவிடுங்கள்.