சோனாகாச்சி: பேரம் படிந்த தெரு

கொல்கத்தாவின் சோவாபஜார் மெட்ரோ நிலையத்திலிருந்து ஒரு பக்கம் நடந்தால் குமார்டுலி. களிமண்ணும் வைக்கோலும் துர்க்கையாக மாறும் இடம். இன்னொரு பக்கம், சித்தரஞ்சன் அவென்யூவிலிருந்து விலகி துர்காசரண் மித்ரா தெருவுக்குள் நுழைந்தால் சோனாகாச்சி. இரண்டுக்கும் பழைய பந்தம் உண்டு. துர்க்கை சிலைக்கான மண்ணில் விலைமாதர் வாசல் மண்ணும் ஒரு பிடி சேர வேண்டும் என்பது சம்பிரதாயம். மண்ணுக்குக் கிடைத்த மரியாதை அந்த வாசலில் நிற்கும் பெண்ணுக்குக் கிடைத்ததில்லை.

பெயிண்ட் உதிர்ந்த மாடி வீடுகள், குறுகலான படிக்கட்டுகள், டீக்கடைகள். ஆயிரக்கணக்கான பெண்களின் பிழைப்பு இங்கேதான். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில், பாலியல் தொழிலாளர்களிடம். ஆறு ஆண்டுகள் கழித்து, 1992இல், அகில இந்திய சுகாதார, பொதுநலக் கழகத்தின் சார்பில் டாக்டர் ஸ்மரஜித் ஜானா சோனாகாச்சிக்கு வந்தார். எப்போதும் ஆணுறை பயன்படுத்துவதாக அன்று சொன்னவர்கள் 100க்கு 3 பேர்கூட இல்லை.

அறியாமைதான் காரணமென்றால் நாலு சுவரொட்டி ஒட்டினால் போதும். இங்கே சிக்கல் வேறு. ஆணுறை வேண்டாம் என்று வாடிக்கையாளர் முறைத்தால், அவரைத் திருப்பி அனுப்பும் வசதி அந்தப் பெண்ணுக்கு இருக்கிறதா? அவள் மறுத்தால் அடுத்த அறையில் இருப்பவள் ஏற்றுக்கொள்வாள். வட்டிக்காரன் மறுநாள் காலையில் தவணைக்கு வந்து நிற்பான். 'ஆதியா' முறையில் வேலை செய்பவள் என்றால் வருமானத்தில் பாதி வீட்டுக்காரிக்கு. கடனுக்காக அடைபட்டுக் கிடப்பவளுக்கோ வாயைத் திறக்கவே உரிமையில்லை. போலீஸ் ரெய்டு வந்தால் அன்றைய பிழைப்பு போச்சு. மறுநாள் வருகிறவர் என்ன சொன்னாலும் தலையாட்ட வேண்டியதுதான்.

ஜானாவின் குழு இதைப் புரிந்துகொண்டது. வெளியாட்கள் வந்து போதிப்பதை விட்டு, அந்தப் பெண்களிலேயே சிலருக்குப் பயிற்சி தந்து பச்சை மேலங்கியுடன் வீடு வீடாக அனுப்பியது. வீட்டுக்காரிகளிடமும் பேசினார்கள்: பெண்ணுக்கு நோய் வந்தால் நஷ்டம் உனக்கும்தானே? ஒரு வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் மறுத்துவிட்டால் வாடிக்கையாளருக்கு அடுத்த அறை என்ற வழியே இருக்காது.

1995இல் 'தர்பார்' என்ற சங்கம் பிறந்தது. அதே ஆண்டு 'உஷா' கூட்டுறவுச் சங்கம். பதிவு செய்யப் போனபோது சிக்கல் எழுந்தது: உறுப்பினர்கள் நன்னடத்தை உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்றது விதி. 'இல்லத்தரசிகள்' என்று எழுதிக்கொள்ளலாமே என்று யோசனை சொல்லப்பட்டது. பெண்கள் மறுத்தார்கள். கடைசியில் அரசு இறங்கி வந்தது. சேமிப்பும் கடனும் சொந்தச் சங்கத்திலேயே கிடைத்தபோது, வட்டிக்காரனுக்குப் பயந்து வருகிறவரையெல்லாம் ஏற்க வேண்டிய கட்டாயம் தளர்ந்தது.

பலன் கண்கூடு. 1998 வாக்கில் ஆணுறை பயன்பாடு 90 சதவீதத்தை நெருங்கியது. அப்போது மும்பையின் பாலியல் தொழிலாளர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எச்.ஐ.வி. சோனாகாச்சியிலோ 5 சதவீதத்தைச் சுற்றியே இருந்தது.

ஆனால் வெற்றி எட்டாத இடமும் உண்டு: 'பாபு'. காசுக்கு வருகிறவரல்ல அவர், கிட்டத்தட்ட கணவர். அவரிடம் ஆணுறையை நீட்டினால் நம்பிக்கையில்லை என்று அர்த்தமாகிவிடும். வாடிக்கையாளரிடம் கறாராகப் பேசும் பெண்ணே இங்கு மௌனமாகிவிடுகிறாள். சங்கம் துணைக்கு வர முடியாத பேரம் அது.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. பைக்குள் ஆணுறை இருப்பதைக் குற்றத்துக்கு ஆதாரமாகக் கொள்ளக் கூடாது என்ற பரிந்துரையை நடைமுறைப்படுத்த உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2022 மே மாதத்தில்தான். அதைப் பார்க்க ஜானா இல்லை. அதற்கு ஓராண்டு முன்பு, 2021 மே மாதத்தில், கோவிட் அவரைக் கொண்டுபோய்விட்டது.

2013இல் உயர் நீதிமன்றத்தின் அனுமதி பெற்று சோனாகாச்சிப் பெண்கள் தாங்களே துர்க்கா பூஜை நடத்தத் தொடங்கினார்கள். அதுவரை வாசல் மண்ணை மட்டும் கொடுத்து வந்தவர்கள், அந்த ஆண்டு முதல் பந்தலுக்குள்ளும் வந்தார்கள்.