விசில் வேண்டாத பயறு

பேபி லைமா பீன்ஸை நான் குக்கரில் வைப்பதில்லை. இங்கே, டெக்சாஸின் சான் அன்டோனியோவில், நம்மவர்கள் கூடுகிற இடத்தில் இதைச் சொன்னால் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். கொண்டைக்கடலை, ராஜ்மா, தட்டப்பயறு என்று எல்லாவற்றையும் விசில் எண்ணியே வேகவைத்துப் பழகிய கை நமக்கு. அம்மாவிடம் போனில் சொன்னபோது, "குக்கர் வேணாமா? அப்பக் காலையில வச்சா ராத்திரிக்குத்தான் சோறு" என்றாள். அப்படியெல்லாம் ஆவதில்லை. இரவு முழுக்க ஊறிய பயறு சாதாரணப் பாத்திரத்தில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வெந்துவிடும்.

இந்தப் பயறுக்குத் தோல் மெல்லிசு. உள்ளே முழுக்க மாவு. நம் குக்கர் ஒவ்வொரு விசிலுக்கும் ஆவியைச் சட்டென்று விடும்போது உள்ளே தண்ணீர் குதிக்கிறது, பயறுகள் மோதிக்கொள்கின்றன, தோல் கழன்றுவிடுகிறது. கழன்ற தோலும் நுரையும் மேலே ஏறி ஆவித்துளையை அடைக்கப் பார்க்கும். அவசரத்துக்குக் குக்கரில்தான் வைப்பேன் என்பவர்கள் பாதிக்கு மேல் நிரப்பாமல், ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, ஆவி தானாக அடங்கும்வரை பொறுங்கள். அப்படிச் செய்தாலும் சிலது குழைந்திருக்கும், சிலது விதையாகவே இருக்கும். மசித்துச் சாப்பிட அது போதும். குழம்பில் முழுசாகக் கிடக்க வேண்டுமென்றால் போதாது.

பேபி லைமா என்பது பெரிய லைமாவின் பிஞ்சு இல்லை. லைமா இனத்தை மனிதர்கள் அமெரிக்கக் கண்டத்தில் வெவ்வேறு இடங்களில் தனித்தனியாகப் பயிராக்கினார்கள். ஆண்டிஸ் மலைப்பக்கத்தில் உருவானது பெரிய விதை, மெக்சிகோப் பக்கத்தில் உருவானது சின்ன விதை. கடையில் கிடைக்கிற பேபி லைமா இந்தச் சின்ன விதைக் குடும்பம், நன்றாக முற்றிக் காய்ந்தது. அமெரிக்காவின் காய்ந்த லைமா பெரும்பாலும் கலிபோர்னியாவில் விளைகிறது. மதுரை, திண்டுக்கல் சந்தைகளுக்குக் கொடைக்கானல் மலையிலிருந்து இறங்குகிற டபுள் பீன்ஸும் இதே இனம்தான். மொச்சை வேறு செடி, வேறு பேரினம். பார்க்க ஏறத்தாழ ஒன்றுபோல இருப்பதால்தான் இங்கே பலரும் லைமாவை மொச்சையின் இடத்தில் போட்டுப் புளிக்குழம்பு வைத்துவிட்டு, "என்னவோ குறையுது" என்கிறார்கள். அந்தக் குறைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஊறவைப்பது. ஒரு கப் பயறுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், அதில் இரண்டு டீஸ்பூன் பொடியுப்பு. உப்புப் போட்டால் பயறு வேகாது என்று நமக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். ஊறுகிற தண்ணீரைப் பொறுத்தவரை அது நேர் தலைகீழ். பயறின் தோலைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருப்பது பெக்டின். அந்தப் பெக்டினை இறுக்கிக் கட்டுவது கால்சியமும் மக்னீசியமும். உப்பிலுள்ள சோடியம் உள்ளே போய் அவற்றின் இடத்தில் உட்காரும்போது கட்டு தளர்கிறது. தோல் இளகிக்கொடுக்கும், ஆனால் வெடிக்காது. எட்டு மணி நேரம் ஊறட்டும். பன்னிரண்டு ஆனாலும் பாதகமில்லை. அதற்கு மேல் போனால், இந்த ஊர் வெயிலில், புளிக்க ஆரம்பித்துவிடும். ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

தண்ணீரும் ஒரு விஷயம். சான் அன்டோனியோவின் குடிநீரில் பெரும்பகுதி எட்வர்ட்ஸ் என்கிற சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீர்த்தேக்கத்திலிருந்து வருகிறது. காபிக்குத் தண்ணீர் காய்ச்சும் கெட்டிலின் அடியில் வெள்ளை படியும். அத்தனை கால்சியத்தையும் பயறுக்குக் கொடுத்தால் அது தோலை இன்னும் இறுக்கத்தான் செய்யும். ஊறவைக்கவும் வேகவைக்கவும் நான் வடிகட்டிய தண்ணீரைத்தான் எடுக்கிறேன். ஆப்பசோடா ஒரு சிட்டிகை போட்டாலும் பயறு சீக்கிரம் இளகும்; கூடவே பி1 வைட்டமினும் போகும், வாயில் சோப்பு வாடையும் தட்டும். எனக்கு அது ஒத்துவரவில்லை.

என்ன செய்தும் வேகாத பயறு உண்டு. அது பெரும்பாலும் பழைய சரக்கு. சூடும் ஈரமும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் கிடந்த பயறு உள்ளுக்குள்ளேயே இறுகிப்போகிறது. பிறகு எத்தனை மணி நேரம் வேகவைத்தாலும் நடுவில் ஒரு கெட்டித்தன்மை இருந்துகொண்டே இருக்கும். மலிவு என்று மூட்டையாக வாங்கிக் கராஜில் அடுக்கி வைக்கிற நம் வழக்கத்துக்கு டெக்சாஸ் கோடை சரிப்படாது. ஒரு பை வாங்குங்கள், தீர்ந்ததும் இன்னொன்று வாங்குங்கள்.

ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் பயறுக்கு மேல் இரண்டு விரல்கடை நிற்கிற மாதிரி ஊற்றி, மூடாமல் அடுப்பில் ஏற்ற வேண்டும். முதல் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கட்டும். நுரை பொங்கும், வழித்து எடுத்துவிடுங்கள். பிறகு தீயைக் குறைத்து, பாத்திரத்தின் ஓரத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குமிழி வருகிற அளவில் நிறுத்துங்கள். அதற்கப்புறம் கரண்டி போடக்கூடாது. கிளற வேண்டும் என்று தோன்றினால் பாத்திரத்தின் இரண்டு காதையும் பிடித்து லேசாகச் சுழற்றுங்கள். தண்ணீர் குறைந்தால் வெந்நீர்தான் ஊற்ற வேண்டும்.

முதல் பத்து நிமிடக் கொதிக்கு ஒரு காரணம் இருக்கிறது. பச்சை லைமாவில் லினமரின் என்ற பொருள் உண்டு. மரவள்ளிக்கிழங்கில் இருப்பதும் அதுதான். விதை நசுங்கும்போது அதனுள்ளேயே இருக்கிற நொதி அதைப் பிளந்து ஹைட்ரஜன் சயனைடை வெளியே விடும். காட்டு வகைகளில் இது அதிகம். அமெரிக்கச் சந்தைக்கு வருகிற வெள்ளை விதை வகைகளில் மிகக் குறைவு. நன்றாகக் கொதித்தால் நொதி செத்துவிடும், இருக்கிற கொஞ்சநஞ்ச வாயுவும் ஆவியோடு போய்விடும். மூடி போடாததும் அதற்குத்தான். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் நம் சமையலறைக்கென்று ஒரு எச்சரிக்கை இருக்கிறது: கடலைப்பருப்பை ஊறவைத்து அரைத்து அடையும் வடையும் போடுகிற பழக்கத்தில் பச்சை லைமாவை ஊறவைத்து அரைக்காதீர்கள். அரைப்பதுதான் அந்த நொதிக்கு வழிவிடுகிற வேலை. அதேபோல, ஸ்லோ குக்கரில் பச்சையாகப் போட்டுவிட்டு ஆபீஸ் போகவும் வேண்டாம். முதலில் அடுப்பில் ஒரு நல்ல கொதி, பிறகு எதில் வேண்டுமானாலும் வையுங்கள்.

வெந்ததா என்று பார்க்க இங்கே பழைய ஆட்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கரண்டியில் நாலைந்து பயறை எடுத்து வாயால் ஊதினால் தோல் சுருண்டு உரியும். அது வேக ஆரம்பித்ததற்கு அடையாளம், முடிந்ததற்கு அல்ல. நான் அதன்பிறகு பாத்திரத்தின் நாலு மூலையிலிருந்தும் ஒவ்வொன்று எடுத்துத் தின்று பார்ப்பேன். எது கடினமாக இருக்கிறதோ அதன் பேச்சைத்தான் கேட்க வேண்டும். எல்லாம் ஒன்றுபோல் ஆனதும் அடுப்பை அணைத்து, உப்புப் பார்த்துப் போட்டு, அந்தத் தண்ணீரிலேயே அரைமணி ஆறவிடுங்கள். சூட்டோடு வடிகட்டினால் தோல் காற்றுப் பட்டு வெடிக்கும்.

புளி, தக்காளி, எலுமிச்சை, மோர் எதுவும் பயறு வேகும்வரை கிட்டே வரக்கூடாது. புளிப்பு பெக்டினைக் கரையவிடாது. பாதி வெந்த பயறில் புளிக்கரைசலை ஊற்றினால் அது அந்த இடத்திலேயே நின்றுவிடும். வெல்லமும் ஓரளவு அதே வேலையைச் செய்யும். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இந்தப் பயறைப் பன்றித்தொடை எலும்போடு சிறு தீயில் மணிக்கணக்கில் வைத்து, வெந்த தண்ணீர் பாலாடையாகத் திரளும்வரை விடுகிறார்கள். புளிப்பு வேண்டும் என்றால் தட்டில் போட்டபின் மிளகாய் ஊறிய வினிகரைத் தெளித்துக்கொள்வார்கள். அவர்கள் யாரும் பெக்டினைப் பற்றிப் படித்துவிட்டுச் சமைத்தவர்கள் அல்ல.

இப்போது அந்தக் குறை. மொச்சைக்குத் தடித்த தோல், லேசான கசப்பு, அதற்கே உரிய பச்சை வாடை. தேனிப் பக்கத்துப் புளிக்குழம்பும் கருவாடும் கத்தரிக்காயும் அந்த வாடைக்கு எதிரே நின்று பேசும். லைமாவிடம் அப்படி எதிர்த்துப் பேச ஒன்றுமில்லை. அது வெண்ணெய்ப் பதம், லேசான இனிப்பு. கெட்டிப் புளியும் வத்தல் மிளகாயும் அதன் மேல் விழுந்தால் பயறு எங்கே போனது என்றே தெரியாது. அதற்கு ஏற்ற துணை தேங்காய்ப்பால் என்பது என் தீர்ப்பு.

நெய்யில் சீரகம், தட்டிய மிளகு, கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கி, கீறிய பச்சை மிளகாயும் இஞ்சியும் போட்டு, பயறை வெந்த தண்ணீரோடு சேருங்கள். அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்றுகிறவர்களை என்ன சொல்வது! குழம்பின் கெட்டித்தன்மை முழுக்க அதில்தான் இருக்கிறது. இரண்டாம் பால் விட்டுப் பத்து நிமிடம், முதல் பால் விட்டு ஒரு கொதி வருவதற்கு முன் இறக்கம். கடைசியில் எலுமிச்சைச் சாறு. இடியாப்பத்துக்கும் ஆப்பத்துக்கும் இது தனியாகவே போதும். சோற்றுக்கு ஒரு அப்பளம் கூட வேண்டும்.

நேரமில்லாதவர்களுக்கு ஃப்ரீசரில் பச்சை பேபி லைமா கிடைக்கிறது. ஊறவைக்க வேண்டாம், கால் மணியிலிருந்து இருபது நிமிடத்தில் வெந்துவிடும். பிரியாணிக்கும் உப்புமாவுக்கும் தேங்காய்த்துருவல் போட்ட பொரியலுக்கும் காய்ந்ததைவிட அதுதான் நல்லது.

பொங்கலன்று மொச்சைக்குழம்புதான் வேண்டும் என்றால் லைமாவைத் தொந்தரவு செய்யாதீர்கள். குஜராத்திக் கடையின் ஃப்ரீசரில் 'சூர்த்தி பாப்டி லில்வா' என்று எழுதிய பாக்கெட்டைத் தேடுங்கள். அதில் இருப்பது பச்சை மொச்சையேதான். பக்கத்திலேயே 'துவர் லில்வா' என்று இன்னொன்று இருக்கும். அது துவரை, எழுத்தைப் பார்த்து எடுங்கள்.