பெரியம்மா கேட்ட கேள்வி

"ஏண்டியம்மா, அவர் உடம்பில் இருக்கிற சக்தியேதான் இந்த நோயோடு சண்டை போடப் போகிறது என்கிறார்களே, அப்படியானால் இத்தனை நாள் அது எங்கே போயிருந்தது?"

பெரியம்மா இப்படிக் கேட்டதும் நான் திருதிருவென்று விழித்தேன். பத்திரிகைக் காரியாலயத்தில் வேலை பார்ப்பவளுக்குச் சகலமும் தெரிந்திருக்கும் என்பது எங்கள் குடும்பத்தாரின் அசைக்க முடியாத நம்பிக்கை.

பெரியப்பாவுக்கு நுரையீரலில் புற்றுநோய். கண்டுபிடித்தபோதே எலும்பு வரை பரவியிருந்தது. அறுவை சிகிச்சைக்கு இடமில்லை. "நாளைக்கே கீமோவை ஆரம்பிக்க வேண்டியதுதானே?" என்று வீட்டில் எல்லாரும் பறந்தார்கள். டாக்டரோ, "எடுத்த சதைத் துணுக்கின் பரிசோதனை முடிவுகள் வரட்டும். இரண்டு வாரம் பொறுங்கள்" என்று சொல்லிவிட்டார். சித்தப்பாவுக்கு வந்ததே கோபம்! வீடு பற்றி எரியும்போது காகிதத்துக்குக் காத்திருக்கிற டாக்டர் நமக்கு வேண்டாம் என்று குதித்தார்.

அந்த இரண்டு வாரத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்குமுன் பெரியம்மாவின் கேள்வி இருக்கிறதே!

மறுநாளே டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நம் இரத்தத்தில் உள்ள டி அணுக்கள் தெருக் காவற்காரர்களைப் போல. வேற்று ஆளைக் கண்டால் அடித்துத் துரத்தும். ஆனால் ஆத்திரத்தில் வீட்டு மனிதர்களையே அடித்துவிடக் கூடாதல்லவா? அதற்காக அவற்றின்மேல் பி.டி.-1 என்ற தடை ஒன்று அமைந்திருக்கிறது. 'நான்தானப்பா!' என்று வீட்டுக்காரர் ஜாடை காட்டியதும் காவற்காரன் தடியைக் கீழே போட்டுவிடுவான். புற்றணு எமகாதகப் பேர்வழி. அந்த ஜாடையை அதுவும் கற்றுக்கொண்டுவிடுகிறது. ஜாடைக்குப் பெயர் பி.டி.-எல்.1. இப்போது வந்திருக்கும் ஊசி மருந்து, அந்த ஜாடை காவற்காரனை எட்டாதபடி மறைத்துவிடுகிறது. பி.டி.-1ஐ 1992-ல் கண்டுபிடித்தது ஜப்பானில் டசுகு ஹோன்ஜோவின் குழு. இன்னொரு தடையை ஆராய்ந்த அமெரிக்கர் ஜேம்ஸ் ஆலிசனோடு சேர்த்து 2018-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

"சக்தி எங்கும் போகவில்லை, பெரியம்மா. ஏமாந்து நின்றிருக்கிறது" என்றேன்.

"அவரைப் போலவே" என்றாள் பெரியம்மா.

சரி, ஊசியை உடனே போட்டுவிடலாமே, காத்திருப்பானேன்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. நுரையீரல் புற்றுநோயில் மிகப் பரவலான வகை உள்ள 305 பேரிடம் நடந்த ஆராய்ச்சி 2016-ல் வெளியாயிற்று. புற்றணுக்களில் பாதிக்குக் குறையாமல் அந்த ஜாடை காணப்பட்டவர்களை மட்டுமே அதில் சேர்த்தார்கள். ஒரு சாராருக்கு முதல் சிகிச்சையாகவே பெம்ப்ரோலிசுமாப் என்ற இந்த ஊசி மட்டும், மற்றவர்களுக்குக் கீமோ. ஐந்து வருஷத்துக்குப் பின் ஊசிக்காரர்களில் நூற்றுக்குச் சுமார் 32 பேர் இருந்தார்கள். கீமோக்காரர்களில் 16 பேர். நூற்றுக்கு நூறு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனாலும் முற்றிய நிலையில் இது சாமானியமான வித்தியாசமா? ஜாடை குறைவாக இருப்பவர்களுக்குக் கீமோவையும் ஊசியையும் சேர்த்துக் கொடுக்கலாம் என்று 2018-ல் இன்னோர் ஆராய்ச்சி காட்டியது.

அதே சதைத் துணுக்கில் ஈ.ஜி.எப்.ஆர்., ஏ.எல்.கே. முதலிய மரபணு மாற்றங்களையும் தேடுகிறார்கள். புகையையே தொட்டறியாத பெண்களுக்கு இந்த நோய் வரும்போது இவை இருப்பது சகஜம். இருந்தால் மாத்திரைதான் முதல் சிகிச்சை. ஊசி அவ்வளவாகப் பலிப்பதில்லை. அவசரப்பட்டு ஊசியைப் போட்டுவிட்டுப் பிறகு மாத்திரைக்கு மாறினால், சில மாத்திரைகளால் நுரையீரலே அழற்சி கண்டு ஆபத்தாகிவிடுவதும் உண்டு. ஆகவே, உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நேர்ந்தால், "இரண்டு பரிசோதனைகளும் வந்துவிட்டனவா?" என்று கேளுங்கள். காத்திருக்க முடியாத அளவுக்கு மூச்சுத் திணறுகிறவர்களுக்குக் கீமோவை மட்டும் முதலில் தொடங்குவதுண்டு. அது டாக்டர் தீர்மானிக்க வேண்டியது.

பெரியப்பாவுக்கு முடிவு வந்தது. மரபணு மாற்றம் இல்லை. ஜாடை 70 சதவிகிதம். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, அரை மணி நேரம் இரத்தக் குழாயில் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள். நோய் கட்டுக்குள் இருந்தால் இரண்டு வருஷம் வரை. விலையைக் கேட்டால்தான் நமக்கு மூச்சுத் திணறும், லட்சக் கணக்கு. மருந்துக் கம்பெனியின் உதவித் திட்டத்துக்கு மனுப் போட்டு, அண்ணா சேமநல நிதியிலும் கை வைத்தான். எதிர் வீட்டு மாமி மட்டும், "எதிர்ப்புச் சக்திதானே? என் கஷாயம் போதும்" என்று பாத்திரத்தோடு வந்து நின்றாள். ஊசி சக்தியை வளர்ப்பதில்லை, கட்டை அவிழ்த்துவிடுகிறது என்று மாமிக்குப் புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.

கட்டு அவிழ்ந்த காவற்காரன் சில சமயம் வீட்டு மனிதர்களையும் அடித்துவிடுகிறான். நாலாவது மாதம் பெரியப்பா எந்நேரமும் சோர்ந்து படுத்தார்; தைராய்டு சுரப்பி மந்தமாகியிருந்தது. இப்போது தினம் காலையில் ஒரு மாத்திரை. புதிதாக இருமலோ, மூச்சு வாங்குவதோ, வயிற்றுப்போக்கோ கண்டால் அன்றைக்கே தெரிவிக்க வேண்டும் என்பது டாக்டரின் கண்டிப்பான உத்தரவு. தாமதியாமல் சொன்னால் பெரும்பாலும் மருந்தால் அடக்கிவிடலாமாம்.

ஒன்பது ஊசி ஆகியிருக்கிறது. கட்டி பாதியாகச் சுருங்கியிருப்பதாக ஸ்கான் சொல்கிறது. பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் பெரியம்மா தேதி போட்டு எல்லாவற்றையும் குறித்துவருகிறாள். தும்மினால்கூட எழுதிவிடுகிறாள் என்று பெரியப்பா என்னிடம் முறையிடுகிறார்.